சஷ்டிக்கு வெளியே வைத்த குப்பிகள்

புரட்டாசி 8, புதன்

கல்யாணி இந்த டைரியை என் கையில் கொடுத்துவிட்டு மதுரைக்கு, காலேஜுக்குப் போய்விட்டாள். சிமெண்டுக் கடை விளம்பரம் போட்ட டைரி. "அம்மாவுக்கு என்ன மருந்து விட்ட, கண்ணு எப்படி இருக்குன்னு தெனமும் எழுதி வை ஆச்சி. இல்லன்னா மறந்துருவ" என்றாள்.

மறப்பதா? நானா?

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. நிறுத்தியவர் என் பெரியப்பா. "பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு ஆறாப்பு" என்று அவர் சொன்னபோது வாயில் அதக்கியிருந்த வெற்றிலையின் வாசம்கூட எனக்கு நினைவிருக்கிறது. என் கல்யாணப் பந்தியில் யார் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். எழுத்துதான் கொஞ்சம் கோணும்.

சரி, எழுதச் சொன்னதை எழுதுகிறேன். புஷ்பம் என் மருமகள், கல்யாணியின் அம்மா. என் மகன் திருமணி போன மார்கழியில் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். கோவில்பட்டியில் இந்த வீட்டில் இப்போது நானும் அவளும்தான்.

காலையில் அவளுக்குக் கண் திறக்கவில்லை. இரண்டு இமைகளும் ஒட்டிக்கொண்டன. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து வைத்துத்தான் திறந்தாள். உள்ளே மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கிறதாம். ஜன்னல் வெளிச்சம் ஆகாது என்று போர்வையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தையல் மிஷினை மூடிவைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது.

கடையில் வாங்கிய சொட்டு மருந்து விட்டாள். சாயங்காலமும் விட்டாள். எனக்குத் தெரிந்து ஒரு பிரயோசனமும் இல்லை.


புரட்டாசி 11, சனி

திருநெல்வேலிக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போனோம். கல்யாணி நேரே அங்கே வந்துவிட்டாள்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. கல்யாணிக்கு அக்கா மாதிரி இருந்தார். நீளவாக்கில் வெட்டிய காகிதத் துண்டின் நுனியை மடித்து, புஷ்பத்தின் கீழ் இமைக்குள் செருகி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். கண்ணீர் ஊறினால் காகிதம் நனைந்துகொண்டே இறங்குமாம். எதுவரை இறங்குகிறது என்று பார்க்க அதில் கோடு போட்டிருந்தது. நான் எதிரே உட்கார்ந்து அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்தபோது மடித்த நுனியில் மட்டும் லேசாக ஈரம். மற்றபடி புதுக் காகிதம்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாலஞ்சு வருஷமாவே எரிச்சல் உண்டு டாக்டர். தையல் வேலை பாக்கதுனாலன்னு நெனச்சேன்."

"அழுதா கண்ணீர் வருதா?"

புஷ்பம் என் பக்கம் திரும்பவில்லை.

"வராது டாக்டர். எரியும். அவ்வளவுதான்."

"சாப்பிடும்போது தண்ணி குடிச்சுக்கிட்டே இருப்பீங்களா? வாய் காயுமா?"

"ஒவ்வொரு வாய்க்கும் குடிக்கணும். இல்லன்னா சோறு எறங்காது."

"அசதி? மூட்டு வலி?"

"உண்டு. மத்தியானம் படுக்காம முடியாது."

உடம்பில் நோயை எதிர்க்க வேண்டிய சக்தி வழி தவறிப்போய், கண்ணீர் ஊறுகிற இடத்தையும் எச்சில் ஊறுகிற இடத்தையுமே தாக்குகிறதாம். சொந்த உடம்பு சொந்த உடம்பின் மேலேயே கோபம் வைத்திருக்கிறது என்று நான் புரிந்துகொண்டேன். கோபம் எனக்குப் புரியும். கருவிழி வறண்டு அதன் மேல்தோல் நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதாம். கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடுமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன இருக்கிறது?


புரட்டாசி 12, ஞாயிறு

நேற்று எழுதாமல் விட்டதை எழுதிவிடுகிறேன். மறந்து விட்டது அல்ல, கை வரவில்லை.

திருமணியை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது நான் மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். தெருவே அழுதது. இவள் அவன் கால்மாட்டில் உட்கார்ந்து கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு இல்லை. என் ஓரகத்தி சந்தனமாரி என் காதோரம் குனிந்து, "பாத்தியளா அக்கா, உங்க மருமவ கண்ணு நனையல" என்றாள். நான் பார்த்தேன். தூக்குகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினாறு முடிவதற்குள் தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். எல்லாரிடமும்.

சாப்பாட்டுக்குத் தண்ணீர் குடிப்பதையும் சொன்னேன், என் குழம்பு அவளுக்குத் தொண்டையில் இறங்காதாம் என்று. மத்தியானத் தூக்கத்தையும் சொன்னேன். தீபாவளிக்கு நான் சுட்ட முறுக்கை அவள் வாயில் வைத்துவிட்டு முந்தானையில் துப்பியதை நான் பார்த்தது அவளுக்கே தெரியாது. அதையும் சொன்னேன்.

மருந்து: மணிக்கொரு தடவை புதுச் சொட்டு. படுக்கும்போது களிம்பு.


புரட்டாசி 18, சனி

மறுபடி ஆஸ்பத்திரி. மூக்கை ஒட்டின ஓரத்தில் இமையில் ஊசி நுனி மாதிரி ஓட்டைகள் இருக்கிறதாம். கண்ணீர் அந்த வழியாகத்தான் மூக்குக்கு வடிகிறது. இருக்கிற கொஞ்ச ஈரமும் வடியாமல் இருக்க, அரிசி நொய்யைவிடச் சின்ன அடைப்பான்களை வைத்து அந்த ஓட்டைகளை மூடிவிட்டார்கள்.

"வாய்க்கால அடைச்சாச்சு. கொளத்துலதான் தண்ணி இல்ல" என்றாள் புஷ்பம். டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.


புரட்டாசி 25, சனி

அடைப்பான் போதவில்லை. அடுத்ததற்கு வந்துவிட்டார்கள். அவள் ரத்தத்தை எடுத்து, மிஷினில் சுழற்றி, சிவப்பை அடியில் தங்கவிட்டு, மேலே தெளிகிற மஞ்சள் தண்ணீரைப் பிரித்து, அதிலிருந்து கண் சொட்டு செய்வார்களாம். கண்ணீரில் இருக்கிற சத்தெல்லாம் அந்தத் தண்ணீரிலும் இருக்கிறதாம்.

இரண்டு கையிலும் நரம்பு தேடி, கடைசியில் இடது கையில் எடுத்தார்கள். புஷ்பம் முகத்தைச் சுளிக்கவில்லை. நான்தான் பார்க்க முடியாமல் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு டாக்டரம்மா அறையில் கல்யாணி கேட்டாள். "இதுவும் சரியா வரலைன்னா டாக்டர்?"

"பெரிய சைஸ் லென்ஸ் ஒண்ணு உண்டு, உள்ள தண்ணி நிறைச்சுப் போடுறது. ஆனா இப்ப இருக்கற கருவிழி அதைத் தாங்காது. கடைசி வழி, இமையோட ஓரத்தைத் தைக்கறது. கண்ணு பாதிதான் திறக்கும், அதனால ஈரம் காயாது. அதுவரைக்கும் போக வேண்டாம்னுதான் பாக்கறோம்."


புரட்டாசி 29, புதன்

குப்பிகள் வந்துவிட்டன. ஐஸ் போட்ட பெட்டியில் கல்யாணி ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கி வந்தாள். சுண்டு விரல் உயரக் கண்ணாடிக் குப்பிகள். உள்ளே வைக்கோல் ஊறின தண்ணீர் நிறம்.

டாக்டரம்மா சொன்னதைக் கல்யாணி எனக்கு இரண்டு தடவை சொன்னாள். எல்லாம் பிரிட்ஜில் மேலே ஐஸ் கட்டுகிற தட்டில் இருக்க வேண்டும். காலையில் ஒன்றை மட்டும் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்து அன்றைக்கு முழுதும் அதையே விட வேண்டும். ராத்திரி மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். வெளியே வைத்தால் கெட்டுப்போகும், கெட்டது கண்ணில் பட்டால் சீழ் பிடிக்கும். இதில் மருந்து ஒன்றும் கலக்கவில்லை, வெறும் ரத்தத் தண்ணீர்.

"கேட்டியா ஆச்சி?"

"கேட்டேன்."

"திருப்பிச் சொல்லு பாப்போம்."

ஒரு எழுத்து விடாமல் சொன்னேன்.

புஷ்பத்துக்கு வெளிச்சம் ஆகாது, கிட்டத்தில் எழுத்தும் தெரிவதில்லை. அதனால் குப்பியை எடுத்துத் தருவது என் வேலை.


ஐப்பசி 2, ஞாயிறு

இன்று காலையில் வெந்நீர்த் துணி இல்லாமலே கண் திறந்தது.

ஜன்னல் போர்வையை அவளே ஒரு ஓரம் விலக்கினாள். "அத்த, எதுத்த வீட்டு முருங்கை பூத்திருக்கு" என்றாள். அது பூத்து ஒரு வாரம் ஆகிறது. நான் அதைச் சொல்லவில்லை.


ஐப்பசி 4, செவ்வாய்

துக்க வருஷம், ஆகையால் தீபாவளி கிடையாது. கல்யாணிக்கு மட்டும் ஒரு சுடிதார் எடுத்தோம். அவள் இன்று மதுரைக்குத் திரும்பிவிட்டாள்.

நாளையிலிருந்து கந்த சஷ்டி. ஆறு நாளும் விரதம் இருக்கப் போகிறேன். ஒரு வேளை பாலும் பழமும். புஷ்பத்தின் கண்ணுக்காக நேர்ந்துகொண்டேன். சந்தனமாரி கேள்விப்பட்டு வந்து, "துக்க வருசத்துல என்னக்கா விரதம்?" என்றாள். வருஷம் திரும்பாமல் திருச்செந்தூருக்குப் போகக்கூடாதுதான். வீட்டில் படத்துக்கு முன்னால் இருந்துகொள்கிறேன், முருகனுக்குத் தெரியும் என்றேன்.

ஏற்கெனவே துக்கம் ஒரு குறை. இன்னொரு குறை வைத்துவிட்டு அவனிடம் கண்ணைக் கேட்க முடியாது.


ஐப்பசி 5, புதன்

விடியுமுன் வீடு கழுவிவிட்டேன். பாத்திரங்களைச் சாம்பல் போட்டு விளக்கினேன். பிரிட்ஜைக் காலி செய்து துடைத்தேன். முட்டை, கருவாட்டு டப்பா எல்லாம் வெளியே. சாமிக்குப் படைக்கிற பாலும் அதில்தான் இருக்க வேண்டும். ஒரே பெட்டிக்குள் மேலே ரத்தமும் கீழே சாமி பாலும் இருக்கலாமா?

குப்பிகளைச் சம்படத்தில் அடுக்கி, மூடி, பின்கட்டில் மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். மேலே ஈரச் சாக்கு. ஐப்பசி மழையில் பானைத் தண்ணீர் பல் கூசுகிறது. அந்தக் குளிர்ச்சி போதும்.

சந்தனமாரி வீட்டு பிரிட்ஜில் வைக்கலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. திருமணி கல்யாணம் முடிந்த கையோடு என் குத்துவிளக்கை இரவல் வாங்கிக்கொண்டு போய், ஒரு முகம் நசுங்கினதைத் திருப்பித் தந்து, "முன்னாலயே அப்படித்தான இருந்துச்சு" என்றவள் அவள். அவள் வாசலில் போய் நிற்பேனா?

புஷ்பத்திடம் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவாள்.


ஐப்பசி 7, வெள்ளி

மழை. அரை மணி நேரம் கரண்ட் இல்லை.

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். லேசாகக் கலங்கின மாதிரி இருந்தது. வானம் மூடியிருந்ததால் அப்படித் தெரிந்திருக்கும்.


ஐப்பசி 8, சனி

"அத்த, சொட்டு இன்னைக்கு எரியுதே" என்றாள்.

"மருந்துன்னா எரியத்தான் செய்யும். பொறுத்துக்கோ" என்றேன்.


ஐப்பசி 10, திங்கள்

சூரசம்ஹாரம். விரதம் முடிந்தது. டிவியில் திருச்செந்தூரைக் காட்டினார்கள். கடற்கரை முழுக்கத் தலைகள். புஷ்பம் பார்க்கவில்லை. தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

குப்பிகளை மறுபடி மேல்தட்டில் வைத்துவிட்டேன்.


ஐப்பசி 12, புதன்

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. வலது கருவிழியில் புண். வெள்ளையாக, அரிசி போல.


ஐப்பசி 13, வியாழன்

அரை மணிக்கு ஒரு மருந்து விடுகிறார்கள். ராப்பகலாக. அவளைத் தூங்க விடுவதில்லை. வலியில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், சத்தம் வெளியே வருவதில்லை.

டாக்டரம்மா கேட்டார். "குப்பி வாய் இமையில, விரல்ல எங்கயும் பட்டுச்சா? கையைக் கழுவிட்டுத்தான் விட்டீங்களா?"

"கழுவிட்டுத்தான் விட்டேன். ஆனா எனக்குச் சரியாத் தெரியாதுல்லா. பட்டிருக்கும் டாக்டர்" என்றாள் புஷ்பம்.

பிறகு என்னிடம் திரும்பி, "பாட்டி, வீட்ல கரண்ட் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு" என்றேன்.

போனது பொய்யில்லை.


ஐப்பசி 14, வெள்ளி

கல்யாணி வந்துவிட்டாள். வந்ததும் அம்மாவிடம், "ஏம்மா, மூக்குக் கண்ணாடி போட்டுக்கிட்டு விடக்கூடாதா? ஆச்சிய விடச் சொல்ல வேண்டியதுதான? எத்தன தடவ சொன்னேன் குப்பி படக்கூடாதுன்னு" என்று சத்தம் போட்டாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள்.

"இனிமே பாத்து விடுதேன்ட்டி" என்றாள் புஷ்பம்.

நான் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு காப்பி வாங்கப் போனேன். கடை வரைக்கும் போய், வாங்காமல் திரும்பி வந்தேன்.

டைரி எங்கே ஆச்சி என்று கேட்டாள். வீட்டில் இருக்கிறது என்றேன். பையில்தான் இருந்தது.


ஐப்பசி 17, திங்கள்

புண் பரவவில்லை என்றார்கள்.


ஐப்பசி 19, புதன்

அவளுக்கு இட்லியைத் தண்ணீர்ச் சாம்பாரில் கரைத்து ஊட்டினேன். வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டாள். திருமணிக்கு ஊட்டினதற்குப் பிறகு நான் யாருக்கும் ஊட்டியதில்லை. கல்யாணிக்குக்கூட இவள்தான் ஊட்டுவாள்.

"அத்த, நீங்க சாப்பிட்டியளா? விரதம் இருந்த ஒடம்பு" என்றாள்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை.


ஐப்பசி 24, திங்கள்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் அவர் அறையில் உட்கார வைத்தார். புண் ஆறிவருகிறது. தழும்பு நிற்கும். வலது கண் பார்வை பழைய மாதிரி வராது. இது வரைக்கும் சொல்லிவிட்டு, இனி ரத்தச் சொட்டு வேண்டாம் என்றார்.

"ஒண்ணு, இவங்க கண்ணு அதை ஏத்துக்கல. இல்ல, வீட்ல சுத்தமா விட முடியல. எதுன்னு தெரியாம மறுபடி குடுத்து இன்னொரு தடவ புண்ணு வந்தா, கண்ணே போயிரும். இமை ஓரத்தைத் தச்சிரலாம். ரெண்டு கண்ணுலயும்."

புஷ்பம்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நானே டெய்லர்தான் டாக்டர். நூலு கலர் மட்டும் நான் சொல்லுதேன்."

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. கல்யாணிக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. கன்னம், மோவாய், கழுத்து எல்லாம் நனைந்தது. புஷ்பம் கையை நீட்டி, தடவித் தேடி, மகளின் கன்னத்தைத் தொட்டாள். விரலில் ஒட்டின ஈரத்தைப் பெருவிரலால் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"தச்சிட்டா மிஷின்ல உக்கார முடியுமா டாக்டர்?" என்றாள்.

"கஷ்டம்மா."

கையெழுத்து வாங்கக் காகிதத்தை எடுத்தார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது.

"அவ கைமேல தப்பு இல்ல டாக்டரம்மா. குப்பிய நான் வெளிய வச்சிருந்தேன்."

"எவ்வளவு நேரம் பாட்டி?"

"சஷ்டி ஆறு நாளும். பின்கட்டுல, பானைத் தண்ணிக்குள்ள."

"ஏன்?"

"விரதம். பிரிட்ஜில சாமி பால் இருந்துச்சு. அதுகூட ரத்தம் இருக்கக்கூடாதுன்னு."

"என்ன விரதம்? யாருக்காக?"

"இவ கண்ணுக்காக."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டு நின்றிருப்பேன். மெதுவாக, "மொதல்லயே சொல்லியிருந்தா வேற மாதிரி யோசிச்சிருப்போம்" என்றார். காகிதத்தை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார். புண் முழுக்க ஆறட்டும், புதிதாக ரத்தம் எடுத்து இன்னொரு தடவை செய்து பார்க்கலாம், தையலை இப்போது நிறுத்தி வைப்போம் என்றார்.

கல்யாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆச்சி, ஒனக்குத்தான் மறதியே கெடையாதே. டாக்டர் சொன்னத ஒரு எழுத்து விடாம எங்கிட்ட திருப்பிச் சொன்னியே. அது மட்டும் எப்படி மறந்துச்சு?"

மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வயசானவள் என்று விட்டிருப்பார்கள். என் வாய் அதைச் சொல்ல மறுத்தது.

"மறக்கலட்டி" என்றேன்.

அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

புஷ்பம் என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். "தண்ணி" என்றாள். பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸ் என் கையிலிருந்து வாங்கிக் கொடுத்தாள்.


ஐப்பசி 25, செவ்வாய்

இன்னும் ஒன்று. இதை டாக்டரம்மா கேட்கவில்லை, கல்யாணி கேட்கவில்லை. நானாக நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் குப்பியில் இருந்தது திருமணியின் ரத்தமாக இருந்திருந்தால் எடுத்து வெளியே வைத்திருப்பேனா?

பதிலை நான் எழுதப் போவதில்லை.


ஐப்பசி 29, சனி

வீட்டுக்கு வந்துவிட்டோம். புஷ்பம் என்னோடு பேசுவதில்லை. கல்யாணி ஒரு வாரம் லீவு போட்டுக் கூட இருக்கிறாள். மருந்து விடுவது, சோறு எடுத்து வைப்பது எல்லாம் அவள்தான். எனக்கு வேண்டியதைக் கேட்டால் புஷ்பம் அவளிடம் சொல்கிறாள். "ஒங்க ஆச்சிக்கு வெந்நி வச்சிக் குடு." முன்பெல்லாம் நான்தான் இப்படிப் பேசுவேன், "ஒங்க அம்மைட்ட சொல்லு" என்று. எத்தனையோ வருஷம் பேசியிருக்கிறேன்.


கார்த்திகை 6, சனி

இரண்டாவது தடவை ரத்தம் எடுத்தார்கள். நானும் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே கூப்பிடவில்லை.


கார்த்திகை 11, வியாழன்

புதுக் குப்பிகள் வந்தன. கல்யாணி தானே அடுக்கினாள்.

பிரிட்ஜிலிருந்து சாமி பாலை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். அன்றன்றைக்கு வாங்கிக் காய்ச்சிப் படைத்தால் போகிறது. கருவாட்டு டப்பா, மாவுச் சட்டி எதுவும் உள்ளே இல்லை. வெள்ளையாக, காலியாக, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது புஷ்பம் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, மேல்தட்டில் கையை விட்டுக் குப்பிகளைத் தடவி எண்ணினாள். நான் அங்கேதான் இருந்தேன். நான் இருப்பது தெரிந்தேதான் எண்ணினாள்.


கார்த்திகை 13, சனி

சந்தனமாரி வீட்டுக்குப் போனேன். இருபத்தொரு வருஷம் கழித்து அவள் வாசலை மிதித்தேன். கரண்ட் போனால் குப்பியை உன் வீட்டு பிரிட்ஜில் வைத்துக்கொள்கிறாயா, உங்களுக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று கேட்டேன்.

"இதுக்குக் கேக்கணுமாக்கா? அன்னைக்கே கொண்டாந்திருக்கலாம்லா" என்றாள்.

தெரியும். தெரிந்துதான் வரவில்லை.


மார்கழி 3, வியாழன்

கண் திறக்கிறது. இடது கண்ணில் நூல் கோக்க முடிகிறது என்று கல்யாணியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். மிஷின் உறையை எடுத்து உதறி மறுபடி போட்டு வைத்தாள். காலையில் குப்பியை அவளே எடுத்துக்கொள்கிறாள். என்னைத் தொட விடுவதில்லை.

முருங்கைக்காய்ச் சாம்பார் வைத்தேன், நிறையத் தண்ணீராக. சாப்பாட்டுக்குப் பக்கத்தில் இரண்டு செம்பு வைத்தேன். இரண்டையும் குடித்தாள்.


மார்கழி 12, சனி

திருமணியின் வருஷ திவசம்.

அவன் படத்துக்கு மாலை போட்டு, அவனுக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். தெருப் பெண்கள் வந்து கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். சாம்பிராணிப் புகை போட்டதும் புஷ்பத்துக்குக் கண் எரிந்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். கல்யாணி அடுப்படியில் பாயசம் கிண்டிக்கொண்டிருந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

பிரிட்ஜ் கதவைத் திறந்து அன்றைய குப்பியைக் கையில் வைத்திருந்தாள். முகத்தை அண்ணாந்து இரண்டு தடவை முயன்றாள். நுனி இமைக்குக் கிட்டே வரும்போதெல்லாம் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அத்த" என்றாள். "இங்க வாங்க. நீங்க விடுங்க."

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். இன்னொரு தடவையும் கழுவினேன். அவள் கீழ் இமையை இழுத்துப் பிடித்து, படாமல், உயரத்தில் இருந்து விட்டேன். வலது கண்ணில் அந்த வெள்ளைத் தழும்பை அவ்வளவு கிட்டத்தில் இன்றுதான் பார்த்தேன். ஒரு சொட்டு விட வேண்டிய இடத்தில் என் கையும் அசைந்து இரண்டு மூன்று விழுந்துவிட்டது. கண் நிறைந்து, ஓரத்தில் தேங்கி, கன்னத்தில் வழிந்தது.

அப்படியே கூடத்துக்கு வந்து அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். வழிந்ததைத் துடைக்கவில்லை.

சந்தனமாரி பார்த்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவளை இடித்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இப்பவாச்சும் அழுதாளே மகராசி" என்றாள்.

கூடத்தில் இருந்த அத்தனை பேருடைய முகமும் புஷ்பத்தின் பக்கம் திரும்பியது. அவர்களில் ஒவ்வொருத்தியிடமும் நான் என்ன சொன்னேன், எங்கே நின்று சொன்னேன் என்று எனக்குத் தெரியும். இவளிடம் குழாயடியில். அவளிடம் ரேஷன் கடையில். இந்தப் பெரியவளிடம் அவள் துக்கம் கேட்க வந்தபோது, என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து.

"அது கண்ணீர் இல்ல சந்தனமாரி" என்றேன். "அது அவ ரத்தம். அவளுக்குக் கண்ணீர் ஊறாது. அன்னைக்கும் ஊறல. கண்ணு நனையலன்னு தெருத்தெருவாச் சொன்னேனே, அது நான் தெரியாமச் சொன்னது. இப்பம் தெரிஞ்சு சொல்லுதேன், கேட்டுக்கோங்க எல்லாரும்."

கல்யாணி கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புஷ்பம் கண்ணைத் திறக்கவில்லை.

எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் கேட்டாள். "அத்த, குப்பிய உள்ள வச்சிட்டியளா?"

"வச்சிட்டேன்."

அவள் எழுந்து, சுவரைப் பிடிக்காமல் நடந்து போய், பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள்.

பார்க்கட்டும்.